பிடித்த பிரேக் ஏன் விட மறுக்கிறது?

கார் முன்போல ஓடவில்லை. சமதளத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் கொஞ்ச தூரம் உருண்டு போக வேண்டிய வண்டி, யாரோ பின்னால் இழுத்துப் பிடித்த மாதிரி நின்றுவிடுகிறது. பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கிறது. ஒரு சக்கரத்துப் பக்கமிருந்து கருகல் வாடை வருகிறது. பழைய மாருதி 800, ஆம்னி, ஜென், அம்பாசடர் வைத்திருக்கும் பலருக்கும் இது பழக்கமான தொல்லை. நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, எந்த ஊரில் போய்ச் சொன்னாலும் அநேகமாக ஒரே பதில்தான்: “பிரேக் ஜாம் ஆயிருக்கு, பேடை மாத்திருவோம்.” பேட் (சக்கரத்தோடு சுழலும் தட்டை நெரித்து நிறுத்தும் கட்டை) மாறும், காசு போகும், கொஞ்ச நாளில் அதே வாடை திரும்ப வரும்.

பேட் தேய்ந்ததால் பிரேக் விடாமல் போவது அபூர்வம். கோளாறு வேறெங்கோ இருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு வரிசை உண்டு. அந்த வரிசை தெரிந்திருந்தால் ஒர்க்‌ஷாப்பில் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் இரண்டு கோளாறுகளைப் பிரித்துக்கொள்வோம்

மிதிக்கும்போது சக்கரம் அப்படியே நின்று டயர் சறுக்குவது ஒன்று. காலை எடுத்த பிறகும் பிரேக் விடாமல் பிடித்திருப்பது இன்னொன்று. இரண்டுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு.

முதலாவது பெரும்பாலும் டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள விவகாரம். பிரேக்கின் பிடி டயரின் பிடியை மிஞ்சிவிட்டால் சக்கரம் நின்றுவிடும், வண்டி மட்டும் வழுக்கிக்கொண்டு போகும். முன்சக்கரம் நின்றால் ஸ்டீயரிங்கைத் திருப்பியும் பயனில்லை. பின்சக்கரம் முதலில் நின்றால் வண்டியின் வால் பக்கம் சுழன்றுவிடும். இதைத் தடுக்க வந்ததுதான் ஏபிஎஸ். சக்கரம் நிற்கப் போகிறது என்று உணர்ந்ததும் அந்தச் சக்கரத்தின் பிரேக் அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை தளர்த்தி இறுக்கும் அமைப்பு அது. இந்தியாவில் புதிதாகத் தயாராகும் கார்களுக்கு 2019 ஏப்ரல் முதல் இது கட்டாயம். அதற்கு முந்தைய சிறிய கார்கள் பலவற்றில் கிடையாது. ஆகவே ஜூன் மாதத்து முதல் மழையில், தேய்ந்த டயரோடு திடீரென்று மிதித்தால் பழைய கார் சறுக்கத்தான் செய்யும்.

மெல்ல மிதித்தாலே ஒரு பின்சக்கரம் மட்டும் வெடுக்கென்று பிடிக்கிறதா? அப்போது அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும். உள்ளே ஆயில் கசிந்து, உரசிப் பிடிக்கும் பாகமான பிரேக் ஷூவை நனைத்திருக்கலாம். மழை பெய்த மறுநாள் காலையில் முதல் மிதிக்கு மட்டும் பிடித்து, நாலைந்து மிதியில் சரியாகிவிட்டால் கவலை வேண்டாம். இரவில் படிந்த மெல்லிய துருதான் அது.

சரி, மிதிக்கும்போது சறுக்கினால் டயரையும் பின்சக்கரத்தின் உட்புறத்தையும் பாருங்கள். காலை எடுத்தும் விடவில்லை என்றால், இனி வருவதெல்லாம் அதைப் பற்றித்தான்.

காலின் பலம் சக்கரத்துக்குப் போகும் வழி

ஊசி மாட்டாத இரண்டு சிரிஞ்சுகளில் தண்ணீர் நிரப்பி, நடுவே ஒரு சிறு குழாயால் இணைத்துப் பாருங்கள். ஒன்றை அழுத்தினால் மற்றதன் தண்டு வெளியே வரும். தண்ணீர் நசுங்காது, அதனால் இங்கே கொடுத்த அழுத்தம் அப்படியே அங்கே போகிறது. மறுமுனையில் இருக்கும் சிரிஞ்ச் பருமனானது என்றால் அங்கே கிடைக்கும் பலமும் கூடும். பள்ளியில் பாஸ்கல் விதி என்று படித்தது இதுதான்.

காரில் கால் பக்கம் இருக்கும் சிரிஞ்சுக்கு மாஸ்டர் சிலிண்டர் என்று பெயர். தண்ணீருக்குப் பதில் பிரேக் ஆயில். மறுமுனையில் இரண்டு வகை உண்டு. டிஸ்க் பிரேக்கில், சுழலும் இரும்புத் தட்டை இருபுறமும் பேட் வைத்து நெரிக்கும் காலிப்பர். டிரம் பிரேக்கில், சுழலும் இரும்புச் சட்டியின் உள்ளே இரண்டு ஷூக்களை வெளிப்பக்கமாகத் தள்ளும் வீல் சிலிண்டர். மாருதி 800 போன்ற கார்களில் பெரும்பாலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவே உருண்டையாக ஒரு பெரிய டப்பா இருந்தால் அது பூஸ்டர். இன்ஜின் உறிஞ்சும் காற்றின் இழுப்பை வைத்து உங்கள் காலுக்குக் கூடுதல் பலம் தருவது அதன் வேலை.

விடுவிப்பது யார்?

பிரேக்கைப் பற்றிப் பேசும் எல்லோரும் அது எப்படிப் பிடிக்கிறது என்று சொல்வார்கள். எப்படி விடுகிறது என்று சொல்பவர்கள் குறைவு. கோளாறு இருப்பதோ அங்கேதான்.

மிதிக்கும்போது காலின் பலம், பெடலின் நெம்புபலம், பூஸ்டரின் உதவி எல்லாம் சேர்ந்து ஆயிலைத் தள்ளுகின்றன. காலை எடுத்த பிறகு திருப்பி இழுக்க அப்படிப் பெரிய ஆள் எவரும் இல்லை. டிரம்மில் ஷூக்களை உள்ளே இழுக்கச் சில ஸ்பிரிங்குகள் உண்டு. டிஸ்க்கில் பெரும்பாலும் அதுகூடக் கிடையாது. காலிப்பருக்குள் பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அழுத்தம் வரும்போது அது பிஸ்டனோடு சேர்ந்து லேசாக வளைந்துகொள்ளும். அழுத்தம் போனதும் பழைய நிலைக்கு நிமிரும்போது பிஸ்டனை ஒரு மயிரிழை பின்னுக்கு இழுத்துவிடும். ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான் அந்த அசைவு. அவ்வளவு இடைவெளியில்தான் கார் தடையில்லாமல் உருள்கிறது.

பிடிப்பது பெரும்பலம், விடுவது சின்னஞ்சிறு பலம். வழியில் கொஞ்சம் துருவோ ஊதிய ரப்பரோ அழுக்கோ இருந்தால், பெரும்பலம் அதைத் தாண்டிப் போய்விடும். சின்ன பலத்தால் தாண்டித் திரும்ப முடியாது. “நல்லா பிடிக்குது, ஆனா விட மாட்டேங்குது” என்று சொல்லும்போது நடப்பது இதுதான்.

இன்னொரு பாகத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கும் அதன் மேலே உள்ள ஆயில் டப்பாவுக்கும் நடுவே மிகச் சிறிய துளை ஒன்று உண்டு. அதைத் திரும்பு துளை என்று வைத்துக்கொள்வோம். கால் பெடலில் இல்லாதபோது அது திறந்திருக்கும். மிதித்ததும் முதல் அசைவிலேயே ஒரு ரப்பர் கப் அதை மூடும், அப்புறம்தான் அழுத்தம் ஏறும். பிரேக் சூட்டில் ஆயில் விரிவடையும் அல்லவா, அந்தக் கூடுதல் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் பாதை இந்தத் துளைதான். அது மூடியே கிடந்தால் விரியும் ஆயில் போக்கிடம் இல்லாமல் பிரேக்கைத் தானே அழுத்தத் தொடங்கும். பிரேக் உரசுவதால் சூடு ஏறும், சூட்டால் ஆயில் மேலும் விரியும், பிடி மேலும் இறுகும். காலையில் வீட்டிலிருந்து நன்றாகக் கிளம்பிய கார், களியக்காவிளை போய்ச் சேர்வதற்குள் நகர மறுப்பதற்கும், நிழலில் நிறுத்தி ஆறவைத்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுவதற்கும் இதுவே காரணமாக இருக்கும்.

எத்தனை சக்கரம் பிடிக்கிறது?

கண்டுபிடிக்கும் வேலை இந்தக் கேள்வியில் தொடங்குகிறது. நெரிசல் இல்லாத நேரத்தில், பிரேக்கை அதிகம் மிதிக்காமல் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மெல்ல நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டை உணர்ந்து பாருங்கள். இரும்பைத் தொட வேண்டாம், தோல் வெந்துவிடும். முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடச் சூடாக இருப்பது இயல்பு. அதனால் இடதை வலதோடு ஒப்பிடுங்கள், முன்னைப் பின்னோடு ஒப்பிட வேண்டாம்.

அப்புறம் ஜாக்கி. சமதளத்தில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, தூக்கிய பக்கத்துக்கு ஸ்டாண்டும் வைத்து, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்குக் கீழே கை காலை நீட்டாதீர்கள். பேட் மெல்ல உரசும் சத்தம் வந்தால் பரவாயில்லை. இரு கையாலும் பலம் போட்டால்தான் அசைகிறது என்றால் அந்தச் சக்கரம் பிடித்திருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிட்டுத்தான் பின்சக்கரத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரே சக்கரம் பிடித்தால் கோளாறு அந்தச் சக்கரத்திலோ அதற்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் குழாயான ஹோஸிலோ இருக்கிறது. பின்னால் இரண்டும் பிடித்தால் முதலில் ஹேண்ட் பிரேக் கேபிளைச் சந்தேகப்படுங்கள். நான்கும் பிடித்தால் சக்கரத்தைக் கழற்றுவதே வீண், பெடல் பக்கம் போக வேண்டும். முன் இடதும் பின் வலதும் என்று குறுக்காக இரண்டு பிடிப்பதும் உண்டு. ஒரு பக்கம் கசிந்தாலும் மறுபக்கம் வேலை செய்யட்டும் என்று மாஸ்டர் சிலிண்டரை இரண்டு அறைகளாகப் பிரித்திருப்பார்கள். பல கார்களில் ஒவ்வொரு அறையும் குறுக்காக இரண்டு சக்கரங்களுக்கு ஆயில் அனுப்பும். அப்படிக் குறுக்காகப் பிடித்தால் ஓர் அறையில்தான் கோளாறு.

நிப்பிளைத் திறந்து பார்க்கும் சோதனை

பிடித்திருக்கும் சக்கரத்தில் சிக்கியிருப்பது ஆயில் அழுத்தமா, இரும்பா? இதைச் சொல்லிவிடும் சோதனை ஒன்று உண்டு. புதிய பாகம் எதையும் வாங்குவதற்கு முன்பே அதைச் செய்துவிட வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து.

தக்கலைக்கு வெளியே ஒரு சிறிய ஒர்க்‌ஷாப்பில் இதை அருகிலிருந்து பார்த்தேன். பழைய மாருதி. முன் இடது சக்கரம் பிடித்துக்கொண்டது. வேறொரு இடத்தில் காலிப்பரையே மாற்றியிருந்தார்கள், குறை தீரவில்லை. வண்டிக்காரப் பையன், “அண்ணே, காலிப்பர் புதுசுதாண்ணே” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். மெக்கானிக் காரைத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினார். பெடலை ஒருமுறை மிதித்து விடச் சொன்னார். டிஸ்க்கைக் கையால் சுற்ற முடியவில்லை. காலிப்பரின் பின்னால் ஏர் எடுப்பதற்கென்று, அதாவது ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்றுவதற்கென்று இருக்கும் சின்ன நிப்பிளில் ஒரு குழாயை மாட்டி, அதன் மறுமுனையைப் பாட்டிலில் விட்டார். “தம்பி, நீ டிஸ்கைச் சுத்திக்கிட்டே இரு” என்று சொல்லி நிப்பிளைக் கால் சுற்று தளர்த்தினார். ஆயில் சர்ரென்று பாட்டிலுக்குள் பாய்ந்தது. அந்த நொடியே டிஸ்க் பையனின் கையோடு சுழன்றது.

நிப்பிளைத் திறந்ததும் சக்கரம் விட்டதென்றால், உள்ளே அழுத்தம் அடைபட்டுக் கிடந்திருக்கிறது. காலிப்பரில் குற்றமில்லை. அடுத்து, ரப்பர் ஹோஸ் இரும்புக் குழாயோடு சேரும் இணைப்பைப் பார்க்க வேண்டும். மறுபடி மிதித்துவிட்டு, ஹோஸுக்கு முன்னால் உள்ள அந்த இணைப்பைத் தளர்த்தினால் சக்கரம் விடுகிறதா? விட்டால் அடைப்பு மாஸ்டர் சிலிண்டர் பக்கம். விடவில்லை என்றால் அடைப்பு ஹோஸிலேயே. அன்று அந்த இணைப்பைத் தளர்த்தியும் சக்கரம் விடவில்லை. கழற்றிய ஹோஸ் வெளியே பார்க்கப் புதுசு போலத்தான் இருந்தது. மெக்கானிக் அதைக் குறுக்காக வெட்டிக் காட்டினார். உள்சுவர் ஊதி, நடுவே குண்டூசி நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. சிரிஞ்சுகளுக்கு நடுவே உள்ள குழாயை விரலால் நெரித்த மாதிரிதான். காலின் பலம் அந்த வழியாக ஆயிலை அனுப்பிவிடும். ரப்பர் வளையத்தின் சிறு இழுப்பால் அதைத் திருப்பி அனுப்ப முடியாது.

நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால் அது இரும்புக் கோளாறு. துருப்பிடித்த பிஸ்டன், காலிப்பர் பக்கவாட்டில் நகர உதவும் பின்கள் கிரீஸ் காய்ந்து இறுகியது, டிரம்மில் உடைந்த ஸ்பிரிங், இழுத்தபடி நின்றுவிட்ட ஹேண்ட் பிரேக் கேபிள். இங்கேயும் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கு உரிய கிரீஸ் போட்டாலே பல காலிப்பர்கள் உயிர் பெற்றுவிடும்.

சுருக்கமாக, திறந்ததும் விட்டால் அழுத்தக் கோளாறு, மேல்நோக்கித் தேடுங்கள். திறந்தும் விடாவிட்டால் அந்தச் சக்கரத்திலேயே தேடுங்கள். சோதனை முடிந்ததும் நிப்பிளை இறுக்கி, ஏர் எடுத்து, ஆயில் அளவைச் சரிசெய்யாமல் வண்டியை நகர்த்தக் கூடாது. பெயின்டில் பிரேக் ஆயில் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

நான்கு சக்கரமும் பிடித்தால்

முதலில் பெடலைப் பாருங்கள். இன்ஜினை அணைத்து, பலமுறை மிதித்துப் பூஸ்டரைக் காலியாக்கிவிட்டு, பெடலை விரலால் தள்ளினால் சில மில்லிமீட்டராவது எதிர்ப்பில்லாமல் அசைய வேண்டும். அந்த ஆட்டம் இல்லை என்றால், பெடல் எப்போதும் மாஸ்டர் சிலிண்டரைக் கொஞ்சம் அழுத்திக்கொண்டே இருக்கிறது, அதாவது திரும்பு துளை மூடிக் கிடக்கிறது. தடித்த மேட் பெடலின் அடியில் சொருகியிருக்கலாம். பிரேக் லைட் சுவிட்சைப் புதிதாக மாட்டும்போது அளவுக்கு மேல் உள்ளே திருகியிருக்கலாம். மாஸ்டர் சிலிண்டரையோ பூஸ்டரையோ மாற்றியவர்கள், மாஸ்டர் சிலிண்டரை அழுத்தும் தள்ளுதண்டின் நீளத்தைச் சரிபார்க்காமல் விட்டிருக்கலாம். சமீபத்தில் பிரேக் வேலை செய்த வண்டிகளில் இந்தக் கடைசிக் காரணம் நிறையவே தென்படுகிறது.

மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு பிணைக்கும் நட்டுகளை ஒரு மெக்கானிக் இரண்டு மில்லிமீட்டர் தளர்த்திப் பார்க்கட்டும். சக்கரங்கள் உடனே விட்டால் தள்ளுதண்டோ பெடலோ பூஸ்டரோதான் குற்றவாளி. விடவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே கப் ஊதியிருக்கிறது, அல்லது துளை அடைபட்டிருக்கிறது. இன்ஜின் ஓடும்போது மட்டும் பிடித்து, அணைத்துச் சிலமுறை மிதித்தால் விட்டுவிடும் பிரேக்குக்குப் பூஸ்டரின் உள்வால்வைப் பார்க்க வேண்டும்.

ஆயில் மாறிப்போனால்

பிரேக் ஆயில் என்று சொல்கிறோமே தவிர அது எண்ணெய் வகையே அல்ல. சாதாரணமாகக் கிடைக்கும் டாட் 3, டாட் 4 என்ற இரண்டு தரங்களும் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் சார்ந்த திரவங்கள், தண்ணீரோடு கலந்துவிடும். இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ பெட்ரோலியத்திலிருந்து வருபவை. பிரேக்கின் உள்ளே இருக்கும் ரப்பருக்கு அவை விஷம். குலசேகரம், அருமனை பக்கத்து ரப்பர்காரர்களுக்கு மண்ணெண்ணெயில் விழுந்த ரப்பர் என்ன ஆகும் என்று தெரியும். பிரேக் கப் செயற்கை ரப்பர்தான் என்றாலும் அதற்கும் அதே கதி. ஊதிப் பெருத்து, திரும்பு துளையை மூடிவிடும்.

சந்தேகமாக இருந்தால் டப்பாவிலிருந்து கொஞ்சம் ஆயிலை எடுத்துக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் விடுங்கள். கலந்துவிட்டால் நல்லது. மேலே எண்ணெய்ப் படலமாக மிதந்தால் தப்பான ஆயில் கலந்திருக்கிறது. டப்பா மூடியின் உள்ளே இருக்கும் ரப்பர் ஊதி, மூடி பொருந்தாமல் போயிருந்தாலும் அதே அர்த்தம்தான். இந்த நிலையில் மாஸ்டர் சிலிண்டர் கிட்டை (உள்ளே போடும் ரப்பர் செட்டை) மட்டும் மாற்றி அனுப்புவது ஏமாற்று வேலை. குழாய்களைக் கழுவி, ஆயில் பட்ட எல்லா ரப்பர் பாகங்களையும் ஹோஸ் உட்பட மாற்றியே ஆக வேண்டும்.

நல்ல பிரேக் ஆயிலும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்த ஈரம்தான் பிஸ்டனை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கிறது. கொதிநிலையும் இறங்கிவிடும். புதிய டாட் 3 கொதிக்கக் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வேண்டும், ஈரம் சேர்ந்தபின் அதற்கான வரையறை 140 மட்டுமே. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழு ஆயிலையும் மாற்றச் சொல்வது இதனால்தான்.

கடல் காற்றும் ஷெட்டில் கிடக்கும் காரும்

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. குளச்சல், முட்டம், மணக்குடி என்று கரையோரம் முழுக்க உப்புக் காற்று. வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் கார்கள் மாதக் கணக்கில் ஷெட்டில் கிடக்கின்றன, பெரும்பாலும் ஹேண்ட் பிரேக் இழுத்த நிலையில். லீவில் வந்து ஸ்டார்ட் செய்தால் பின்சக்கரம் அசையாது. ஷூவும் டிரம்மும் துருவால் ஒட்டியிருக்கும், இல்லையென்றால் கேபிள் உறைக்குள் இறுகியிருக்கும்.

நீண்ட நாள் நிறுத்துவதென்றால் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முட்டு வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிட்டுப் போங்கள். வீட்டில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை முற்றத்திலேயே முன்னும் பின்னும் நகர்த்தி, சிலமுறை பெடலை மிதித்தால் போதும். ஒட்டிய டிரம்மை ஆக்ஸிலேட்டர் கொடுத்துப் பிய்க்கப் பார்த்தால் ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உரசும் பட்டையான லைனிங் கழன்று உள்ளே சுருண்டுகொள்ளும். டிரம்மின் விளிம்பில் சுத்தியலால் மெல்லத் தட்டித் தளர்த்துவதே முறை. பழைய ஷூக்களில், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

வழியில் பிடித்துக்கொண்டால்

பேச்சிப்பாறைப் பக்கத்து மலை இறக்கத்திலோ மார்த்தாண்டம் நெரிசலிலோ வண்டி இறுகத் தொடங்கினால் ஓரம்கட்டிவிடுங்கள். “எப்படியாவது வீடு போய்ச் சேர்ந்திடலாம்” என்று இழுத்துக்கொண்டு போவதுதான் மிக ஆபத்து. பிடித்த பிரேக்கின் சூட்டில் ஆயில் கொதித்து ஆவியாகும். ஆயில் நசுங்காது, ஆவி நசுங்கும். அப்போது பெடல் தரை வரை இறங்கும், பிரேக்கே இருக்காது. பிடித்து நின்ற வண்டி சிறிது நேரத்தில் பிரேக் இல்லாத வண்டியாகிவிடும். சிவக்கச் சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், திடீர்க் குளிர்ச்சியில் விரிசல் விடலாம். தானாக ஆறட்டும். ஆறியபின் விட்டுவிட்டாலும் அதை நம்பிக் கிளம்ப வேண்டாம், மெக்கானிக்கை அங்கே வரவழைப்பதே நல்லது. எந்தச் சக்கரம் சூடாக இருந்தது, எவ்வளவு நேரத்தில் விட்டது என்று குறித்துக்கொண்டால் அவருடைய வேலை பாதியாகக் குறையும்.

வேலை முடிந்து வண்டியை வாங்கும்போது ஒர்க்‌ஷாப்பிலேயே பெடலைப் பலமுறை மிதித்து விட்டு, சரிசெய்த சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு மெக்கானிக்கையும் பக்கத்தில் உட்காரவைத்து, பிரேக் சூடாகும் அளவுக்கு நிறுத்தி நிறுத்தி ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டுங்கள். திரும்பி வந்ததும் மறுபடி நான்கு சக்கரத்தின் சூட்டையும் இடது வலதாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, கழற்றிய பழைய ஹோஸையும் கப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.